படத்துக்குக் கீழே இருந்த வரி

ஒல்லாந்து நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தஞ்சை மாவட்டத்து வயல்களைப் பார்க்க வருகிறார்கள் என்ற தகவல் கசிந்ததிலிருந்து, கும்பகோணத்துப் பத்திரிகைகளுக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கழகம் ஆட்சிக்கு வந்து மூன்றாவது தை மாதம் அது. புது ரக நெல் நன்றாக விளைந்திருந்தது. அதே வயல்களில் கூலிச் சண்டையும் விளைந்திருந்தது.

‘பொன்னித் தூதன்’ நாளிதழின் ஆசிரியர் பஞ்சநதம், அவர்கள் வருவதற்கு முன்பே தலையங்கம் எழுதிவிட்டார். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தைப் பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தர் இப்போது நம் உழவரிடம் பாடம் படிக்க வருகிறார்கள் என்று அதில் பெருமைப்பட்டுக்கொண்டார். தஞ்சாவூரிலிருந்து வந்த ‘வெற்றிக் கதிர்’ ஆளுங்கட்சிக்கு வேண்டிய பத்திரிகை. அது, வருகிறவர்கள் அரசின் சாதனையைக் காணவே கடல் கடந்து வருவதாக எழுதியது. விவசாயத் தொழிலாளர்களுக்காக நடந்த ‘செங்களம்’ வார இதழ், அந்நிய முதலாளிகளின் தூதர்களே திரும்பிப் போங்கள் என்றது. வருகிறவர்களின் பெயரைக்கூட மூன்று பத்திரிகைகளும் மூன்று விதமாக எழுதின.

பொன்னித் தூதனின் நிருபர் அரசப்பன். முப்பது வயதாகவில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, அப்பா இறந்ததும் படிப்பை விட்டவன். அவனுடைய அம்மா அகிலாண்டம், குடமுருட்டி ஆற்றங்கரையில் மேலக்கோவனூர் மிராசுதார் துரைராசுவின் நிலத்தில் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தாள். வெளிநாட்டுக் குழு பார்ப்பதற்கென்று அதிகாரிகள் தேர்ந்தெடுத்திருந்ததும் துரைராசுவின் வயலைத்தான்.

“உங்க ஊருதானே? நீயே போயிட்டு வா. போட்டோக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போ. நல்ல படமா ஒண்ணு கிடைச்சா போதும்” என்று பஞ்சநதம் அனுப்பி வைத்தார்.

அரசப்பன் போனபோது வரப்பெல்லாம் செதுக்கி, மதகுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வயலில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் கீழத்தெருவின் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் மிராசு வாங்கிக் கொடுத்த ஒரே மாதிரி நீலப் புடவை, கையில் அறுப்பரிவாள். துரைராசுவின் ஏஜெண்டு வரப்பில் நடந்தபடி, “கார் வந்தா குனிஞ்சு அறுக்கணும். யாராச்சும் ஏதாச்சும் கேட்டா சிரிச்சுக்கிட்டு ஒரு கும்பிடு போடணும். அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வரிசையின் கடைசியில் நின்றவள் நீலாம்பாள். போன வருடத்து அறுப்பில், கூலியைக் கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு ஆட்கள் வேலையை நிறுத்தியபோது, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களை மறித்து வயலில் நின்றவர்களில் அவள் கணவன் காத்தானும் ஒருவன். தடிகளோடு வந்த கூட்டம் அவனை அடித்துப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இறந்தான் என்று காகிதங்களில் எழுதி முடித்துவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அரசப்பனுக்கும் தெரியும்.

கார்கள் வந்தன. ஆறேழு பேர் இறங்கினார்கள். குழுவுக்குத் தலைவியாக வந்தது வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த உயரமான அம்மாள். துரைராசு பட்டு அங்கவஸ்திரத்தோடு மாலை போட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் அவர்களுக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு யாரும் எதிர்பாராதபடி செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி, கடைசியில் நின்ற நீலாம்பாளிடம் போய் நின்று ஏதோ கேட்டாள்.

“வாழ்க்கை எல்லாம் எப்படி இருக்குன்னு கேக்குறாங்க” என்றார் அதிகாரி, வரப்பில் நின்றபடியே.

நீலாம்பாள் அரிவாளைக் கீழே வைத்தாள். கையைக் கூப்பினாள்.

“அம்மா, போன அறுப்புல இந்த வயல்லதான் என் வீட்டுக்காரரை அடிச்சுக் கொன்னாங்க. காத்தான்னு பேரு. வண்டியிலேருந்து விழுந்து செத்தாருன்னு எழுதிட்டாங்க. கேக்க நாதி இல்ல. நீங்களாச்சும் கேளுங்க.”

சொல்லும்போதே கண்ணீர் இறங்கிவிட்டது. துரைராசு முகத்தைத் திருப்பி மதகைப் பார்த்தார். அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: இது நல்ல விளைச்சல் கண்ட வருடம் என்கிறாள். தன் குடும்பம் சந்தோஷமாக இருக்கிறதாம். நீங்கள் வந்ததில் மிகவும் நெகிழ்ந்து போயிருக்கிறாள்.

அந்த அம்மாள் நீலாம்பாளின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்களும் கலங்கின. போட்டோக்காரர் படம் எடுத்தார்.

அரசப்பன் நான்கடி தள்ளித்தான் நின்றான். அதிகாரி சொன்ன ஆங்கிலம் அவனுக்குப் புரிந்தது. அந்த அம்மாளிடம் போய் உண்மையைச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலமும் அவனிடம் இருந்தது. வாய் திறந்தான். அதற்குள் துரைராசு அவன் பக்கம் வந்து தோளில் கை போட்டு, “அம்மா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். கார்கள் விருந்துக்குப் புறப்பட்டுப் போயின.

அன்று மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினான். பஞ்சநதம் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இதைப் போட முடியாதுப்பா.”

“என் காதால கேட்டேன் சார்.”

“நீ கேட்டே. கோர்ட்ல நாளைக்கு துரைராசு என்னை நிறுத்தினா, நான் எதைக் காட்டுவேன்? கேஸ் இல்ல, எஃப்.ஐ.ஆர். இல்ல, டாக்டர் ரிப்போர்ட்டு வண்டியிலேருந்து விழுந்தான்னு சொல்லுது. கொலைன்னு நாம எழுதினா, மறுநாளே நோட்டீஸ் வந்துரும். பத்திரிகையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.”

“அப்ப அந்தப் பொம்பளை சொன்னது?”

பஞ்சநதம் பேனா மூடியைக் கழற்றினார். அவர் கோழையாகவே பிறந்தவர் அல்லர். வெள்ளைக்காரன் காலத்தில் பத்திரிகை எழுதி ஜெயிலுக்குப் போனவர். ஆனால் இப்போது பன்னிரண்டு குடும்பங்கள் அந்த அச்சாபீஸை நம்பி இருந்தன. அரசப்பன் எழுதியதில் பாதியை அடித்துவிட்டு மீதியை அச்சுக்கு அனுப்பினார். படத்துக்குக் கீழே போடவேண்டிய வரியை அவரே எழுதினார்.

மறுநாள் காலை முதல் பக்கத்தில் படம் வந்தது. கீழே, ‘ஒல்லாந்து விருந்தினரைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் உழவர் குலப் பெண்.’ வெற்றிக் கதிரிலும், போட்டோக்காரரிடம் வாங்கிப் போட்ட அதே படம்தான். அதன் தலைப்பு, ‘நிறைந்தது களம், நிறைந்தது மனம்.’

கீழத்தெருவில் டீக்கடைப் பேப்பரை ஒருவன் உரக்கப் படித்தான். வயலில் நின்ற பெண்களுக்கு உண்மை தெரியும். ஆனால் அவர்கள் ஏஜெண்டுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. வயலுக்குப் போகாத ஆண்கள் படத்தைத்தான் பார்த்தார்கள். புதுப் புடவை, வெள்ளைக்காரியின் கை, கண்ணீர். “காத்தான் செத்து வருசம்தான் ஆவுது. அதுக்குள்ள அந்த வயல்லயே போயி பல்லக் காட்டிட்டு நிக்கிறா” என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். குழாயடியில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காத்தானின் தம்பி வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நீலாம்பாள் பஸ் ஏறிக் கும்பகோணம் வந்தாள். அலுவலகத்தின் வாசலில் வெகுநேரம் நின்றாள். அரசப்பன்தான் பார்த்து உள்ளே கூப்பிட்டான்.

“உள்ள வாங்க. உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. படம் போட்ட பேப்பரைப் பஞ்சநதத்தின் மேஜையில் விரித்தாள்.

“இது நான்தாங்க. நான் அழுவுறதும் நெசம்தான். எதுக்கு அழுதேன்னு இந்தத் தம்பி பக்கத்துல நின்னு கேட்டுச்சு. அதைப் போட பயமா இருந்தா ஒண்ணும் போடாம விட்டிருக்கலாம்ல. சந்தோசத்துல அழுதேன்னு எதுக்குய்யா போட்டீங்க?”

பஞ்சநதம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “தப்புதான்மா” என்றார். “ஆனா மறுப்புப் போட்டா காரணம் எழுதணும். காரணம் எழுதினா கொலைன்னு எழுதணும். என்னால முடியல.”

“பேப்பர் நடத்துற உங்களாலயே முடியலேன்னா நான் யாருகிட்டப் போறது?” என்று கேட்டாள். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பஸ் நிலையம் வரை அரசப்பன் கூடவே நடந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

நிலைமை அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாரம் வந்த ‘செங்களம்’ வேறு ஒரு கதை சொன்னது. அந்தப் பத்திரிகையிலிருந்து யாரும் அன்று வயலுக்கு வரவில்லை. போலீஸ் விடவில்லை. எங்கோ கேட்டதை வைத்து எழுதிவிட்டார்கள். ‘அந்நியக் குழுவை அரிவாள் ஓங்கி மறித்த வீராங்கனை’ என்று தலைப்பு. நீலாம்பாள் முழக்கமிட்டதாகவும், குழுவினர் அஞ்சி ஓடியதாகவும் உள்ளே இருந்தது. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள்.

அது வந்த மறுநாள் ஏஜெண்டு ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். அரசாங்க விருந்தாளிகளை அரிவாளைக் காட்டி மிரட்டினாள் என்று. அறுப்புக் கூலிப் பேச்சு மறுபடியும் ஆரம்பித்திருந்த நேரம். ஒருத்தியை உள்ளே போட்டால் மற்றவர்கள் அடங்குவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. நீலாம்பாளை வீட்டிலிருந்து கூட்டிப்போய் ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் நீலப் புடவையைக் கொடியிலிருந்து எடுத்து கூட வந்த ஏஜெண்டின் கையில் கொடுத்துவிட்டு ஏறினாளாம்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்து வக்கீல் அரசப்பனைத் தேடி வந்தார். “அவங்க ரெண்டு சாட்சி வச்சிருக்காங்க. எங்க பேப்பரையே எங்களுக்கு எதிரா நீட்டுறாங்க. வயல்ல இருந்த பொம்பளைங்க யாரும் கூண்டுல ஏற மாட்டாங்க. போட்டோக்காரரும் வர மாட்டேன்னுட்டாரு. அன்னிக்கு அங்க இருந்து, மிராசுகிட்ட கூலி வாங்காத ஆளுங்கள்ல மிச்சம் நீங்க ஒருத்தர்தான்” என்றார்.

அரசப்பன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். அகிலாண்டம் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். அவன் முறத்தை வாங்கிக்கொண்டு, தூற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

“சாட்சி சொன்னா குத்தகை போயிரும்மா. நம்ம பேருல எழுத்துல ஒண்ணும் இல்ல. குறுவைக்கு வேற ஆளை இறக்கிருவாங்க.”

அகிலாண்டம் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். “காத்தானை வண்டியில தூக்கிப் போட்டாங்கல்ல, அப்ப நான் இங்கதான் நின்னேன். தண்ணி கேட்டான். ஏஜெண்டு நிக்கிறாரேன்னு நான் குடுக்கல.”

அவன் முறத்தை நிறுத்தினான். இதை அவள் அதுவரை சொன்னதில்லை.

“நெலம் அவுங்களுது. எடுத்துக்கட்டும். நீ போய்ச் சொல்லு” என்றாள். முறத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போயிட்டு வா” என்றாள்.

அவன் திரும்பி வந்து பஞ்சநதத்திடம் சொன்னான். வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்றே நினைத்தான். அவர் அப்படிச் செய்யவில்லை. “கேஸ் என்னிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அன்று கூட்டம் வாசல் வரை நின்றது. நீலாம்பாள் கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அரிவாளை ஓங்கியதைக் கண்ணால் பார்த்ததாக ஏஜெண்டு சொன்னார். அவருடைய ஆள் ஒருவனும் அதையே ஒப்பித்தான். பிறகு அரசப்பனைக் கூப்பிட்டார்கள். வக்கீல், அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். அரிவாளை அவள் கீழே வைத்தாள். கையைக் கூப்பினாள். பிறகு அவள் பேசியதை, அவள் சொன்ன சொல்லிலேயே சொன்னான். ‘அடிச்சுக் கொன்னாங்க’ என்ற இடத்தில் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபித்தது.

“குற்றம் சாட்டப்பட்டவர் என்ன பேசினார் என்பதுதான் வழக்கே. பதிவு செய்கிறேன்” என்றார் மாஜிஸ்திரேட்.

குறுக்கு விசாரணை நீண்டது.

“நீங்க பொன்னித் தூதன் நிருபர்தானே? உங்க பத்திரிகையிலயே ஆனந்தக் கண்ணீர்னு போட்டிருக்கு. அப்ப உங்க பத்திரிகை பொய்யா, நீங்க பொய்யா?”

அரசப்பன் கூட்டத்தைப் பார்த்தான். கடைசி பெஞ்சில் பஞ்சநதம் உட்கார்ந்திருந்தார். அவர் தலை குனிந்திருந்தது.

“படம் உண்மை. கீழே இருக்கிற வரி பொய்” என்றான்.

“செங்களத்துல அரிவாளை ஓங்கினாள்னு இருக்கே?”

“அதுவும் பொய். அவங்க யாரும் அங்க இல்ல.”

“அப்ப எந்தப் பேப்பர்லதான் உண்மை வந்துது?”

“எதுலயும் வரல.”

மாஜிஸ்திரேட் அதையும் எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குப் பிறகு, மிரட்டியதாக நிரூபிக்கப்படவில்லை என்று நீலாம்பாளை விடுதலை செய்தார். அவள் கூண்டிலிருந்து இறங்கினாள். ஓடி வந்து அவள் கையைப் பிடித்தது செவ்வந்தி, கீழத்தெருப் பெண். அன்று வயலில் நீலாம்பாளுக்குப் பக்கத்தில் நின்று அறுத்தவள். “நான் வந்து சொல்லியிருக்கணும்டி. பயந்துட்டேன்” என்று அழுதாள். நீலாம்பாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பஞ்சநதம் நேரே அச்சாபீஸுக்குப் போனார். அரசப்பன் வந்து சேர்வதற்குள் அச்சுக்கோப்பவரின் பக்கத்தில் நின்று சாட்சியத்தை வரி வரியாகக் கோக்க வைத்துக்கொண்டிருந்தார்.

“கோர்ட்ல பதிவானதை அப்படியே போட எவன் அனுமதியும் வேண்டாம். இப்ப எவன் நோட்டீஸ் விடறான்னு பாக்குறேன்” என்றார். “காத்தான்கிறது பெரிய எழுத்துல வரணும். நம்ம போட்ட வரி தப்புன்னும் போட்டுரு. ஆசிரியர் எழுதினதுன்னு போடு. உன் தலையில விழ வேண்டாம்.”

செய்தி முதல் பக்கம் முழுக்க வந்தது. வெற்றிக் கதிர் உள்பக்கத்தில் நாலு வரியோடு நிறுத்திக்கொண்டது. செங்களம் சாட்சியத்தை முழுதாக எடுத்துப் போட்டது. தான் முன்பு எழுதியதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சட்டசபையில் ஒருவர் கேள்வி கேட்டார். மூடிய காகிதங்களைத் திறந்தார்கள். தடி எடுத்தவர்களில் மூன்று பேர் மேல் வழக்குப் போட்டார்கள். துரைராசுவின் பெயரும் ஏஜெண்டின் பெயரும் அதில் இல்லை.

பொன்னித் தூதனுக்கு அரிசி ஆலைகளின் விளம்பரம் நின்றது. பக்கம் குறைந்தது. பஞ்சநதம் அச்சாபீஸில் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் நோட்டீஸ்களும் அடித்துச் சம்பளம் கொடுத்தார். அகிலாண்டத்தின் நிலத்தில் அந்தக் குறுவைக்கு வேறு யாரோ நாற்று விட்டார்கள். அவள் மகனோடு கும்பகோணத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். புறப்படுமுன் கீழத்தெருவுக்குப் போய் நீலாம்பாளின் வாசலில் நின்றாள். என்ன சொன்னாள் என்று அரசப்பனுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கையில் நீலாம்பாள் கொடுத்த முருங்கைக்காய்கள் இருந்தன.

தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீலாம்பாள் வந்தாள். செவ்வந்தியும் இன்னும் இரண்டு பெண்களும் இப்போது கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். ஒருவனுக்குத் தண்டனை கிடைத்தது. மற்ற இருவரைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு நாளன்று அரசப்பன் அவளுக்காக வாசலில் காத்திருந்தான். வெயில் கடுமையாக இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் எல்லோருக்கும் சாப்பாடு சொன்னான். நீலாம்பாள் இலையில் விழுந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“ஒருத்தனுக்காச்சும் தண்டனை கிடைச்சுதே” என்றாள் செவ்வந்தி.

“ஆமா” என்றாள் நீலாம்பாள். “அவனும் நம்மள மாதிரி கூலிக்காரன்தான். ஏவுனவங்க வீட்டுல இருக்காங்க.”

“இதையும் எழுதவா?” என்று அரசப்பன் மெல்லக் கேட்டான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நான் சொன்னேன்னு போட்டு எழுதுங்க தம்பி” என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.